மனதில் எதுவும் தங்கவில்லை

தலைக்கு டை பூசிக்கொண்டால் நாற்பது நிமிடத்துக்கு எதன்மேலும் சாயக் கூடாது. சோபா கூடாது, சுவர் கூடாது, காதில் போனை வைக்கக் கூடாது. அங்கயற்கண்ணி அதற்கென்றே சமையலறையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி போட்டு வைத்திருந்தாள். பத்தொன்பது வருஷமாக அதன்மேல் உட்கார்ந்துதான் அவள் தமிழ்நாட்டு நாவலாசிரியர்களின் தலையெழுத்தைப் பார்த்து வருகிறாள். மாதத்தின் முதல் வியாழக்கிழமை, காலை பதினொரு மணி, கிழிந்த நைட்டி, கழுத்தைச் சுற்றிப் பழைய துண்டு, மடியில் கைப்பிரதிக் கட்டு. இலக்கிய முகவர் என்றால் சொந்தக்காரர்களுக்கு விளங்குவதில்லை, இன்சூரன்ஸா என்று கேட்பார்கள். எழுதுகிறவர்கள் நாவலை எனக்கு அனுப்புவார்கள், படித்துப் பார்த்துத் தேறுவதைப் பதிப்பகத்துக்குக் கொண்டுபோய்ப் பேசி முடித்துக் கொடுப்பேன் என்று விளக்கினால், ஓ, கல்யாணத் தரகர் மாதிரி என்பார்கள். கிட்டத்தட்ட அதுதான். பெண் பார்க்கப் போகிறவர்களுக்கு ஆளுக்கொரு ரகசிய அளவுகோல் இருக்குமல்லவா, அவளுக்கு அது டை. எந்தப் பிரதி அவளை நாற்பது நிமிடத்தை மறந்து மண்டை அரிக்கிற வரைக்கும் உட்கார வைக்கிறதோ அது தேறியது. நேரத்துக்கு எழுந்துபோய்த் தலையைக் கழுவிவிட்டாளென்றால் அது தேறவில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பயிலரங்குகளில் கேட்பவர்களுக்கு வேறு பதில்கள் வைத்திருந்தாள்: முதல் பக்கத்தில் யாராவது எதையாவது விரும்ப வேண்டும், ஒரு குவளைத் தண்ணீரையாவது; கனவிலிருந்து திடுக்கிட்டு விழித்து ஆரம்பிக்காதீர்கள்; கதைச்சுருக்கத்தில் முடிவைச் சொல்லுங்கள், ‘முடிவை நாவலில் காண்க’ என்று எனக்கே சஸ்பென்ஸ் வைக்காதீர்கள்; நண்பர்கள் பாராட்டினார்கள் என்று கடிதத்தில் எழுதாதீர்கள், பாராட்டாவிட்டால் அவர்கள் எப்படி நண்பர்கள். சிரிப்பார்கள். கடைசியாகக் குரலை இறக்கிச் சொல்லுவாள், வாழ்க்கையிலிருந்து எழுதுங்கள், என் அத்தை ஒருத்தி இருந்தாள் என்று. சிரிப்பெல்லாம் அடங்கி அரங்கம் அப்படியே உட்கார்ந்துவிடும்.

இன்றைக்குப் படிக்க வேண்டியது ஒரே பிரதிதான். ஈரோட்டில் வங்கியில் வேலை பார்க்கும் சுகந்தா என்ற பெண்ணின் முதல் நாவல். முதல் பாதியைப் போன வாரமே படித்துப் பிடித்துப்போய், பதிப்பாளருக்குப் போன் போட்டு, ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் உருப்படியாக ஒன்று கிடைத்திருக்கிறது என்று வாக்குக் கொடுத்தாயிற்று. இன்று சாயங்காலம் நாலு மணிக்கு அவர் அறையில் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும். மீதியையும் படித்துவிட்டால் தீர்ந்தது. நெற்றியோரம் டை ஒரு சொட்டு இறங்கியது, துண்டின் நுனியால் ஒற்றிக்கொண்டாள், அம்மோனியா வாடை மூக்கின் உள்ளே போய்க் கண்ணில் நீர் வந்தது, பக்கத்தைத் திருப்பினாள், பதினோராம் அத்தியாயம், முதல் வரியைப் பார்த்ததுமே அவளுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. ‘சித்தி தினமும் காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கண்டக்டரிடம் கேரியரைக் கொடுப்பாள்.’ அட, இது நம் மரகதம் அத்தை! ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு: ‘மேடம், ஏற்காடு பயிலரங்கில் நீங்கள் சொன்னது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றீர்களே. அத்தையைச் சித்தியாக்கிவிட்டேன்.’ ஆமாம், சொன்னாள்தான். மனசு தாராளமாக இருந்த ஒரு மத்தியானம், பலாக்காய்க் கூட்டு சாப்பிட்டுவிட்டு வந்த மத்தியானம், அள்ளிக் கொடுத்தாள். இப்போது அது அச்சேறப் போகிறது என்றதும் தொண்டைக்குள் ஏதோ இனித்தது. அத்தைக்கு ஒரு நினைவுச் சின்னம் மாதிரி. அங்கயற்கண்ணி பிரதியை மடியில் கவிழ்த்துவிட்டு அத்தையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அத்தை எட்டேகால் பஸ்ஸுக்கு வருவாள். நடந்துதான் வருவாள், கையில் நாலடுக்குக் கேரியர், பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கும், அடையாளத்துக்கு. புருஷன் அடுத்த ஊர் ரைஸ்மில்லில் வேலை, அங்கேயே இன்னொருத்தியோடு இருந்துவிட்டார், இந்த வீட்டுக்கு வருவது நின்று ஆறேழு வருஷம். ஆனால் அவருக்கு வயிற்றுப்புண், காரம் ஆகாது, அது இவளுக்குத்தான் தெரியும். ஊரே காறித் துப்பியும் சோறு மட்டும் போய்க்கொண்டிருந்தது. கண்டக்டர் வாங்கி இன்ஜின் பக்கத்தில் வைப்பார். சாயங்காலம் அதே பஸ்ஸில் காலிக் கேரியர் திரும்பி வரும். கழுவி வரும். அதுதான் அந்தக் கதையின் உயிர், அந்தக் கேரியர் கழுவி வருவது. அடுக்கின் உள்விளிம்பில்கூடப் பிசுக்கில்லாமல், துடைத்து, ஈரம் காயவைத்து வரும். ஆம்பிளை கழுவினால் அப்படி வராது. இந்தப் பக்கம் ஒருத்தி சமைக்க அந்தப் பக்கம் ஒருத்தி கழுவ, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே ஏழு வருஷம். ஒருநாள் சாயங்காலம் கேரியர் கழுவாமல் வந்தது. அடியில் சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. அத்தை பஸ் ஸ்டாண்டிலேயே மூடியைத் திறந்து பார்த்தாள், அந்தப் பக்கத்துப் பெண் போய்விட்டாள் என்று தெரிந்துகொண்டாள், ஓடிப்போனாளோ செத்துப்போனாளோ, இனி அங்கே இல்லை. கேரியரை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தே இராத அந்தப் பெண்ணுக்காக அழுதாள். இந்த இடத்தில் ஏற்காட்டில் ரெண்டு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். அங்கயற்கண்ணிக்கும் எப்போது சொன்னாலும் குரல் கம்மும். நாலு மணிக்குப் பதிப்பாளரிடம் இதை எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டாள். இதை மட்டும் சொன்னால் போதும், மற்ற இருபது அத்தியாயத்தை அவர் கேட்கவே மாட்டார். எந்த ஊர் பஸ் என்று கேட்பார், மனிதருக்கு அதெல்லாம் வேண்டும். எந்த ஊர்? அத்தை மதுரையில் செல்லூர். செல்லூரிலிருந்து எட்டேகாலுக்கு எந்த பஸ்? கண்ணுக்குள் தெரிகிற பஸ் ஸ்டாண்டில் கருவாட்டு வாடை அடிக்கிறதே, செல்லூரில் கருவாட்டு வாடையா? அண்ணனைக் கேட்டுவிடுவோம் என்று கையுறை மாட்டாத கையால் போனை அடுப்பு மேடைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“அண்ணே, நம்ம மரகதம் அத்தை மாமாவுக்குக் கேரியர் குடுத்து விடுவாங்கல்ல, அது எந்த ஊரு பஸ்ஸுண்ணே?”

“என்னாத்தக் குடுத்து விட்டுச்சு?”

“கேரியர்ண்ணே. மாமா அங்க இன்னொரு வீட்ல இருந்தாருல்ல.”

அண்ணன் சொக்கலிங்கம் சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடித்தார். “அங்கயற்கண்ணி, ஒனக்கு என்ன ஆச்சு? அத்தைக்கு ஒரு ரசம் வைக்கத் தெரியாதுடி. மாமாவாச்சும் இன்னொரு வீடாச்சும், மனுசன் செல்லூரத் தாண்டுனதே பெரியாஸ்பத்திரிக்குத்தான். ரெண்டும் ஒண்ண ஒண்ணு வஞ்சுக்கிட்டே அம்பது வருசம் ஒரே கட்டில்ல கெடந்துச்சுக. யார் கதைய யாருக்குச் சொல்ற?”

போன் அணைந்தது. அங்கயற்கண்ணி முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், சாய முடியாது, சாய எதுவும் இல்லை. அண்ணனுக்கு மறதி, அறுபத்தெட்டு ஆகிறது, என்று ஒரு நினைப்பு வந்தது. அது நிற்கவில்லை. ஏனென்றால் அண்ணன் சொன்ன உடனேயே நிஜ அத்தை வந்துவிட்டாள், மூக்குப்பொடி டப்பியோடு, மாமாவைப் பார்த்து ‘இந்தக் கட்டையில போறவன்’ என்று கத்திக்கொண்டு, அவள் கையில் கேரியரை மாட்டிப் பார்த்தால் நிற்கவே மாட்டேன் என்கிறது. அப்படியானால் எட்டேகால் பஸ்ஸுக்கு நடந்து வருகிற அந்தப் பெண் யார்? பத்தொன்பது வருஷத்தில் மூவாயிரம் பிரதிகளாவது இருக்கும். மூவாயிரம் குடும்பங்கள், மூவாயிரம் சாவுகள், எத்தனை பிரசவம், எத்தனை மழை. தேறாதவை எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன என்று நினைத்திருந்தாளே, அவை இங்கே குடியேறிவிட்டனவா, இந்த மண்டைக்குள், வாடகை தராமல்? அம்மா கடைசி நாளில் எலுமிச்சை ஊறுகாய் கேட்டாள், ஒரு சொட்டு நாக்கில் வைத்தோம், கண்ணை மூடினாள். அது அம்மாதானா? அய்யோ, அது அம்மாவாக இருக்கட்டும். ஊறுகாய் ஜாடியின் மூடி உடைந்து சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தது, அந்தத் தட்டில் அப்பா பெயர் பொறித்திருந்தது, சரி, அது நம் வீட்டுத் தட்டு, அது அம்மாதான். கல்யாணமான புதிதில் அவர் மொட்டைமாடியில் குடை பிடித்துக்கொண்டு அவளுக்குத் துணி எடுத்துக் கொடுத்தது? அவர் குடையே வைத்துக்கொள்ளாத மனிதர். அதை இப்போது தொட வேண்டாம். போன மனிதரைப் பற்றிச் சந்தேகப்பட்டு என்ன ஆகப்போகிறது, குடை பிடித்ததாகவே இருக்கட்டும். ஆனால் கேரியர் அப்படி இல்லையே. கேரியரை நீ உனக்குள் வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை, ஏற்காட்டில் நாற்பது பேருக்குப் பந்தி பரிமாறியிருக்கிறாய், என் அத்தை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லியிருக்கிறாய், வாழ்க்கையிலிருந்து எழுதுங்கள் என்று வேறு. அதை ஒரு பெண் நம்பி எடுத்து நாவலுக்கு நடுவில் வைத்திருக்கிறாள். நாலு மணிக்கு நீ அதை விற்கப் போகிறாய்.

பேசாமல் இருந்துவிடலாம். இப்படியும் ஒரு குரல், ரொம்ப நிதானமான குரல், அவளுடைய குரலேதான். யாருக்குத் தெரியும்? எழுதியவர் யாரென்று உனக்கே தெரியவில்லை. அச்சில் வராத பிரதி, எடை போட்ட காகிதம். கேரியரில் சோறு அனுப்புவது ஊர் உலகத்தில் இல்லாததா, ரெண்டு பேருக்குத் தோன்றக் கூடாதா? சுகந்தாவுக்கு நல்லது, பதிப்பாளருக்கு நல்லது, உனக்கு நல்லது. அவள் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே எழுந்து நின்றாள். தலை அரித்தது. மணி பார்த்தாள், முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது, போய்க் கழுவிவிட்டு வந்து யோசிக்கலாம், வெதுவெதுப்பான தண்ணீர் தலையில் இறங்கினால் எல்லாம் இறங்கிவிடும். குளியலறை வாசல் வரைக்கும் போய் நின்றாள். எங்கே நின்று பார்க்கிறேன்? சட்டென்று இதுதான் தோன்றியது. அந்தப் பெண் கேரியரை நீட்டும்போது நான் எங்கே நிற்கிறேன்? எதிரே இல்லை. பக்கத்தில் இல்லை. மேலே நிற்கிறேன். அவள் வகிடு தெரிகிறது, குங்குமம் வியர்வையில் கலைந்திருப்பது தெரிகிறது, அவள் அண்ணாந்து பார்த்துக் கேரியரை உயர்த்துகிறாள், நான் குனிந்து வாங்குகிறேன். பஸ் படியில் நிற்கிறேன். உதட்டில் விசில் இருக்கிறது. எந்த அண்ணன் மகளும் அத்தையைப் பஸ் படியில் நின்று விசிலோடு பார்க்க மாட்டாள். அதைப் பார்த்தவர் கண்டக்டர். கண்டக்டர்தான் எழுதியிருக்கிறார்! அங்கயற்கண்ணி பாதி ஓட்டமாகக் கூடத்துக்குப் போய் அலமாரியைத் திறந்து பதிவு நோட்டுகளை இழுத்துப் போட்டாள். வந்த பிரதி ஒவ்வொன்றுக்கும் ரெண்டு வரி எழுதி வைப்பது அவள் வழக்கம். ஏற்காட்டுக்கு முந்தைய வருஷம், ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. இருந்தது. அவள் கையெழுத்தே. ‘சேக்தாவூது, அறந்தாங்கி. ஓய்வுபெற்ற நடத்துநர். 212 பக்கம். ஓட்டம் போதாது. மூன்றாம் கடிதம்.’ கீழே போன் நம்பர்.

மூன்றாம் கடிதம். கம்ப்யூட்டரில் அவள் மூன்று கடிதங்கள் தயாராக வைத்திருந்தாள், பெயரை மட்டும் மாற்றி அனுப்புவதற்கு. முதல் கடிதம், திருத்தி அனுப்புங்கள். இரண்டாவது, எங்களுக்கு ஏற்றதல்ல, வேறிடம் முயலுங்கள். மூன்றாவதுதான் கதவைச் சாத்துகிற கடிதம். அதன் நடு வரியை அவள் ரொம்ப யோசித்து எழுதியிருந்தாள், நேர்மையாக இருக்க வேண்டும் என்று: ‘வாசித்து முடித்தபின் மனதில் எதுவும் தங்கவில்லை.’ அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கும் வியாழக்கிழமைதான், அன்றைக்கும் டைதான், நேரத்துக்கு எழுந்து ஒழுங்காகத் தலையைக் கழுவினாள், அவ்வளவுதான் நடந்தது. என்ன அளவுகோல் இது! வெட்கமாக இருந்தது. பிறகு அந்த வெட்கத்தின்மேலேயே எரிச்சல் வந்தது. வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்க இப்போது நேரமில்லை, நாலு மணிக்குள் செய்ய வேண்டியது இருக்கிறது. அந்த மனிதர் இருக்கிறாரா, நம்பர் அதேதானா, பேசினால் என்ன சொல்வார், திட்டுவார், திட்டட்டும், பத்திரிகைக்கு எழுதுவார், எழுதட்டும். பத்தொன்பது வருஷமாக மற்றவர்களிடம் உண்மை எங்கே உண்மை எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பியவள். இன்றைக்குத் தன் முறை. போனை அலமாரித் தட்டில் வைத்து நம்பரை அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது.

“சேக்தாவூதுதான் பேசுறேன், யாருங்க?”

சொன்னாள். அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. எழுந்து நின்றுவிட்டார் போல.

“மேடம்! உங்க கடிதம் பத்தரமா வச்சிருக்கேன் மேடம். நல்ல தடிமனான பேப்பர்.”

“ஐயா, உங்க நாவல்ல ஒரு அம்மா கேரியர் குடுத்து விடுவாங்களே, அந்த அத்தியாயம் எனக்கு வேணும். இப்பவே போட்டோ புடிச்சு அனுப்ப முடியுமா?”

“அது இல்லையே மேடம். எடுத்துட்டேன்.”

“எடுத்துட்டீங்கன்னா?”

“மனசுல தங்கலன்னு எழுதியிருந்தீங்க. அப்ப எது தங்காததுன்னு ஒவ்வொண்ணா பாத்தேன். மொதல்ல கண்ணுல பட்டது அதான். ஒரு பொம்பள சோறு குடுத்து விடுறா, அதுல என்னா இருக்கு, ரொம்ப சாதாரணமா இருந்துச்சு. கிழிச்சுட்டேன். மிச்சம் எல்லாம் இருக்கு மேடம், அது மட்டும்தான் இல்ல.”

சுத்தமாகப் போய்விட்டது. உலகத்தில் அந்த அத்தியாயம் இருக்கிற ஒரே இடம் இந்த டை பூசிய மண்டை. இதை நினைத்ததும் நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னாள், அத்தை என்று சொன்னது, ஏற்காடு, ஈரோட்டுப் பெண், நாலு மணி. எதையும் மெழுகவில்லை.

“உங்க அத்தைன்னா சொன்னீங்க?”

“ஆமாங்கய்யா.”

“எல்லாரும் நம்புனாங்களா?”

“நானே நம்பிட்டேன்.”

அவர் சிரித்தாரா, வேறு ஏதாவதா, தெரியவில்லை, மூச்சு இரைத்தது. பிறகு, “எப்படிச் சொன்னீங்கன்னு சொல்லுங்க மேடம். கேக்குறேன்” என்றார்.

அலமாரி முன்னால் நின்றபடி, எழுதியவரிடமே அவர் எழுதியதை அங்கயற்கண்ணி சொன்னாள். எட்டேகால் பஸ், சிவப்பு நூல், வயிற்றுப்புண், கழுவி வருகிற கேரியர். அவர் ஒவ்வொன்றுக்கும் ம், ம் என்று போட்டுக்கொண்டு வந்தார். ஒரு இடத்தில் மட்டும் “பச்ச நூலு மேடம்” என்றார். அவள் திருத்திக்கொண்டாள். கழுவாத கேரியர் வந்தது, மூடியைத் திறந்து பார்த்தாள், மடியில் வைத்துக்கொண்டு அழுதாள் என்று முடித்தாள். குரல் கம்மியது, எப்போதும் போல.

“யாரு அழுதா?”

“அந்தம்மா.”

“இல்லையே மேடம். அது அழலையே. அழுதுச்சுன்னு நான் எழுதவே இல்லையே.”

“அப்புறம்?”

“மூடிய மூடிக்கிட்டு வீட்டுக்குப் போயிருச்சு. மறுநா காலையில எட்டேகாலுக்குக் கரெக்டா வந்து கேரியரக் குடுத்துச்சு. நான் வாங்கறப்ப மேலடுக்கு லேசா இருந்துச்சு. எப்பவும் அதுல கூட்டு இருக்கும். என்னாக்கா, கூட்டு இல்லையான்னேன். தெறந்து காட்டுச்சு மேடம். உள்ள தேங்கா நாரும் அரைத் துண்டு சோப்பும் இருந்துச்சு. ‘இனிமே அவரே கழுவட்டும்னு சொல்லு’ன்னுச்சு. அவ்வளவுதான், நான் விசிலு குடுத்துட்டேன். அத்தியாயம் முடிஞ்சுபோயிரும்.”

அங்கயற்கண்ணி அழுகையைத் தானே போட்டிருக்கிறாள். ரெண்டு வருஷம் தன்னுடையதாக வைத்திருந்து, தினம் கொஞ்சம் தடவித் தடவி, நாரையும் சோப்பையும் எடுத்துவிட்டு அங்கே கண்ணீரை வைத்திருக்கிறாள், யாராவது அப்படி எழுதி அனுப்பியிருந்தால் சிவப்புப் பேனாவால் சுழித்திருப்பாள். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, ரெண்டையும் அடக்கிக்கொண்டாள்.

“ஐயா, இப்ப சொன்னீங்களே, அதே மாதிரி உட்காந்து எழுதுங்க. ஒரு வார்த்தைகூடக் கூட்டாதீங்க. மிச்ச நாவலையும் கூரியர்ல போட்டுருங்க. நான் நாலு மணிக்குப் பதிப்பாளரப் பாக்குறேன், மொதல்ல இத சொல்லிட்டுத்தான் உக்காருவேன். ஈரோட்டுப் பொண்ணுகிட்டயும் நானே பேசுறேன், அந்த அத்தியாயம் இல்லாமலும் அது நிக்கும். நிக்கலன்னா நிக்க வைப்போம்.”

“எல்லார்கிட்டயும் சொல்லப் போறீங்களா மேடம்? உங்க பேரு கெட்டுப்போயிருமே.”

“கெடட்டும். நீங்க பேனாவ எடுங்க.”